உராய்ந்தால் மின்னூட்டம் ஏன் வருகிறது? பன்னிரண்டாம் வகுப்பில் வந்த கேள்வி

கடலோர ஆசிரியை

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் அலகு நிலைமின்னியல். கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியால் தேய்த்தால் எலக்ட்ரான்கள் துணிக்குப் போகும், தண்டு நேர்மின்னூட்டம் பெறும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், கண்ணாடி மின்காப்பான், அதில் எலக்ட்ரான் நகராது என்கிறீர்கள். நகராத எலக்ட்ரான் துணிக்கு மட்டும் எப்படிப் போகிறது?" என்று கேட்டாள். பக்கத்து வரிசையிலிருந்து ஒரு மாணவன், "தேய்த்தால் சூடாகும். அந்தச் சூட்டில்தான் எலக்ட்ரான் கிளம்புகிறதா?" என்றான்.

தேர்வுக்கு வேண்டிய பதில் பாடநூலில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அது போதாது. அவர்களிடம் பூசி மெழுகாமல் சொல்லக்கூடிய விளக்கம் எனக்கு வேண்டும். கூடவே ஒரு நடைமுறைச் சிக்கல். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எபோனைட் தண்டும் கம்பளியும் எவ்வளவு தேய்த்தாலும் ஒரு காகிதத் துண்டைக்கூட இழுப்பதில்லை. இதற்கு வழி உண்டா?

வெண்பலகை

எலக்ட்ரானைத் தளர்வாகப் பிடித்திருக்கும் பொருள் இழக்கிறது, இறுக்கமாகப் பிடித்திருக்கும் பொருள் பெறுகிறது. உராய்வு அதற்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது. மொத்த மின்னூட்டம் மாறுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு இதற்கு மேல் போனால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்பது என் அனுபவம்.

மின்தூசி

வெண்பலகை சார் சொன்னதில் மின்னூட்டம் அழியாது என்பது அசைக்க முடியாத உண்மை. உராய்வின் ஆற்றல்தான் காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த மாணவனின் சந்தேகமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

உராயாமலேயே மின்னூட்டம் வரும். ஒட்டும் டேப் போதும். மேசையின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டுங்கள், பக்கத்தில் இன்னொன்றை ஒட்டுங்கள். இரண்டையும் சட்டென்று உரித்து, ஒட்டாத முதுகுப்புறங்கள் எதிரெதிரே இருக்கும்படி தொங்கவிடுங்கள். விலகிக்கொள்ளும். அடுத்து, ஒரு டேப்பின் முதுகில் இன்னொன்றை ஒட்டி, விரலால் மெல்ல வருடி மின்னூட்டத்தை நீக்கிவிட்டு, பிறகு இரண்டையும் பிரியுங்கள். இம்முறை ஒன்றை ஒன்று இழுக்கும். இதில் தேய்ப்பு எங்கே இருக்கிறது? சூடு எங்கே இருக்கிறது? தொட்டன, பிரிந்தன, அவ்வளவுதான். 2008இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதே டேப்பை வெற்றிடத்தில் உரித்துக் காட்டினார்கள். அதிலிருந்து வந்த எக்ஸ் கதிரைக் கொண்டு ஒரு விரலின் எலும்பையே படம் பிடித்தார்கள்.

அப்படியானால் எதற்குத் தேய்க்கிறோம்? திடப்பொருள்களின் பரப்பு கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் நுண்ணளவில் மேடு பள்ளம். இரண்டைச் சேர்த்து வைத்தால் சில மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடும். தேய்க்கும்போது தொடும் இடங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, உண்மையில் தொட்ட பரப்பு பல மடங்காகிறது. டேப்பில் பசை இருப்பதால் முதல் தொடுதலிலேயே பரப்பு முழுவதும் ஒட்டிவிடுகிறது. அதனால் அதைத் தேய்க்க வேண்டியதில்லை.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். மின்காப்பானுக்குள் எலக்ட்ரான் நெடுந்தூரம் ஓடாது என்பது சரி. இங்கே அது ஓடவும் வேண்டாம். பரப்பில் இருக்கும் எலக்ட்ரான் எதிரே தொட்டுக்கொண்டிருக்கும் பரப்புக்குத் தாவினால் போதும், தூரம் ஒரு நானோமீட்டர் அளவுதான். போன இடத்திலும் அது நகர முடியாமல் நின்றுவிடுகிறது. மின்காப்பானாக இருப்பதால்தான் மின்னூட்டம் தங்குகிறது. கையில் பிடித்த செப்புத் தண்டைத் தேய்த்தாலும் மின்னூட்டம் பிறக்கத்தான் செய்கிறது, மறுகணமே நம் உடல் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது.

எவ்வளவு எலக்ட்ரான் மாறுகிறது என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் பொறி பறந்து மின்னூட்டம் கசிந்துவிடும். இந்த வரம்பை வைத்துக் கணக்குப் போட்டால், நன்றாக மின்னேறிய பரப்பிலும் பல்லாயிரம் அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற அளவில்தான் கூடுதலோ குறைவோ இருக்கிறது.

இன்னொன்று. பிரிக்கும்போதுதான் மின்னழுத்தம் ஏறுகிறது. ஒட்டியிருக்கும்போது எதிரெதிர் மின்னூட்டங்கள் நெருங்கி நிற்பதால் அழுத்தம் மிகக் குறைவு. விலக்க விலக்க அந்த இழுவையை எதிர்த்து நம் கை வேலை செய்கிறது, அந்த வேலையே வோல்ட்டாக ஏறுகிறது. பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது சடசடப்பதும், குஷன் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பிடியைத் தொட்டதும் சுரீர் என்பதும் இதனால்தான்.

ரிங்ஃபிரேம்

ஈரப்பதம் பற்றி நான் சொல்கிறேன். கோவைப் பக்கம் நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு நிலைமின்னூட்டம் அன்றாடத் தொல்லை.

பருத்தி காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், அதனால் அதிகம் படுத்தாது. பாலியஸ்டர் ஈரத்தை ஏறத்தாழ எடுப்பதே இல்லை. பஞ்சைச் சீவி இழை இழையாகப் பிரிக்கும் கார்டிங் எந்திரத்தில் இழைகள் கம்பி முனைகளோடு உரசி உரசி வெளியே வரும்போது, எல்லா இழைக்கும் ஒரே வகை மின்னூட்டம். ஒன்றை ஒன்று தள்ளும். மெல்லிய திரைபோல் படிந்து வரவேண்டிய பஞ்சு பூப்பூவாக விரிந்து கலைந்துபோகும். பஞ்சுத் திரியை இழுத்து நீட்டும் டிரா ஃபிரேமுக்குப் போனால் இழை ரப்பர் உருளையோடு ஒட்டிச் சுற்றிக்கொள்ளும், அதைத்தான் லேப்பிங் என்கிறோம். எந்திரத்தை நிறுத்தி, சுற்றியதை வெட்டி எடுத்து, மறுபடி ஓட்ட வேண்டும். மாசி, பங்குனியில் காற்று காய்ந்துவிட்டால் ஒரு ஷிஃப்டில் இதைத் தவிர வேறு வேலை நடக்காது.

அதனால்தான் ஆலைக்கென்று தனியாக ஈரப்பத ஆலை வைத்திருக்கிறோம். வெளிக்காற்றை நீர்த்தூவல் வழியாக இழுத்துக் கூடத்துக்குள் அனுப்புகிறோம். ஒப்பு ஈரப்பதத்தை 55 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிறுத்தினால் பெரும்பாலும் சண்டை ஓய்ந்துவிடும். பாலியஸ்டர் இழைக்கு உற்பத்தியின்போதே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்திருப்பார்கள். அதன் முக்கிய வேலைகளில் ஒன்று ஈரத்தைப் பிடித்து மின்னூட்டத்தைக் கசியவிடுவது. பூச்சு சரியில்லாத ஒரு லாட் பஞ்சு வந்துவிட்டால் யாரும் சொல்லவே வேண்டாம், கார்டிங் கூடத்துக்குள் நுழைந்ததும் தெரிந்துவிடும்.

உங்கள் ஊரில் கடற்காற்று. ஐப்பசியில் ஒப்பு ஈரப்பதம் எண்பதைத் தாண்டி நிற்கும். எபோனைட் தண்டால் என்ன செய்ய முடியும், டீச்சர்?

மின்தூசி

ரிங்ஃபிரேம் சொன்னதோடு ஒரு சொல் சேர்க்கிறேன். ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்தும், அதனால் மின்னூட்டம் காற்றில் போய்விடும் என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. அப்படி இல்லை. நீராவி கலந்த காற்றும் நல்ல மின்காப்பான்தான். பொருளின் பரப்பில் படியும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம்தான் கடத்துகிறது. கைப்பட்ட தண்டில் வியர்வை உப்பு இருக்கும். அதில் ஈரமும் சேர்ந்தால் கசிவு இன்னும் வேகம்.

ஆகவே, வகுப்பறைக் காற்றை உங்களால் மாற்ற முடியாது, பரப்பை உலர்த்த முடியும். தண்டைச் சோப்பு நீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, தண்டையும் துணியையும் ஒரு குண்டு பல்பின் கீழே வைத்து வெதுவெதுப்பாக்கி, சூடு ஆறுவதற்குள் தேயுங்கள். எபோனைட்டை விடப் பி.வி.சி. குழாயும் கம்பளியும் நன்றாக வேலை செய்யும். எதுவும் சரிப்படாத நாளில் டேப் இருக்கிறது. புதிதாக உரித்த பரப்பில் நீர்ப்படலம் சேர நேரம் பிடிக்கும்.

கடலோர ஆசிரியை

டேப் சோதனையை வகுப்பில் செய்துவிட்டோம். வெளியே மழை. இரண்டு டேப்பும் விலகி நின்றதைப் பார்த்த பிள்ளைகள் மேசை, நோட்டு அட்டை, பெஞ்சு என்று ஒன்றையும் விடாமல் ஒட்டி உரித்தார்கள். கேள்வி கேட்ட மாணவி அடுத்ததற்குப் போய்விட்டாள். எது இழக்கும், எது பெறும் என்பதை எதை வைத்து முன்கூட்டியே சொல்வது என்கிறாள். கண்ணாடி, தலைமுடி, நைலான், கம்பளி, பட்டு, பருத்தி, எபோனைட், பாலிதீன், பி.வி.சி., டெஃப்லான் என்று, இழப்பதில் தொடங்கிப் பெறுவதில் முடியும் வரிசையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். "இந்த வரிசைக்குக் காரணம் என்ன?" என்கிறாள்.

வெண்பலகை

எலக்ட்ரான் ஈர்ப்புதான் காரணம். வேறென்ன இருக்க முடியும்?

மின்தூசி

சார், இரண்டு உலோகங்கள் தொட்டால் உங்கள் பதில் சரி. வெளியேற்று ஆற்றலின் (ஓர் எலக்ட்ரானை உலோகத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டிய ஆற்றல்) வேறுபாட்டை வைத்து எது பெறும், எவ்வளவு பெறும் என்று கணக்கிட்டே சொல்லலாம். மின்காப்பான்களில் விவகாரம் இன்னும் முடியவில்லை. இதை மாணவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். அறிவியலில் தங்களுக்கும் இடம் இருக்கிறது என்று அவர்கள் நம்புவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஆம்பர் என்ற கல்லாகிப்போன மரப்பிசின் தவிர இன்னும் பல பொருள்களும் தேய்த்தால் இழுக்கும் என்று வில்லியம் கில்பர்ட் 1600இல் எழுதினார். மின்னூட்டம் இரு வகை என்று பிரான்சின் து ஃபே 1733இல் கண்டார். யோஹான் வில்க்கே 1757இல் முதல் வரிசையை வெளியிட்டார். அன்றிலிருந்து ஆளுக்கொரு வரிசை, ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போவதில்லை. வட்டமாகச் சுற்றிக்கொள்ளும் வரிசைகளும் உண்டு. அதாவது எலக்ட்ரானைப் பெறுவதில் ஒன்று இரண்டாவதை வெல்லும், இரண்டாவது மூன்றாவதை வெல்லும், மூன்றாவது முதலாவதை வெல்லும். எலக்ட்ரான் ஈர்ப்பு என்ற ஒரே அளவுகோல் இருந்தால் இது நடக்கவே கூடாது.

கடப்பது எது என்பதிலும் மூன்று தரப்பு இருக்கிறது. எலக்ட்ரான் என்கிறார்கள் சிலர். பரப்பு நீரில் இருக்கும் அயனிகள் என்கிறார்கள் சிலர். பொருளே துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொள்கிறது, மின்னூட்டத்தையும் எடுத்துப் போகிறது என்கிறார்கள் மற்றவர்கள். 2011இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு தொட்டுப் பிரிந்த பரப்புகளை நுண்ணளவில் வரைந்து பார்த்தது. ஒரு பக்கம் முழுக்க நேர், மறுபக்கம் முழுக்க எதிர் என்றில்லாமல், இரண்டு பக்கத்திலும் நேரும் எதிரும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தன. நாம் அளக்கும் மின்னூட்டம் அந்தத் திட்டுகளின் மிச்சக் கணக்குதான். பொருள் பெயர்ந்ததும் அங்கே பதிவாகியிருந்தது.

எனக்கு மிகப் பிடித்தது 2025இல் வந்தது. ஆஸ்திரியாவின் அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே சிலிக்கோன் பொருளில் ஒரே மாதிரித் துண்டுகள் செய்து, திரும்பத் திரும்பத் தொடவைத்தார்கள். முதலில் ஒழுங்கே இல்லை. பல முறை தொட்ட பிறகு அத்துண்டுகள் தங்களுக்குள் ஒரு வரிசையை அமைத்துக்கொண்டன. அதிக முறை தொட்ட துண்டு எதிர்மின்னூட்டம் பெற்றது. ஒரு துண்டு இதற்கு முன் எத்தனை முறை தொட்டிருக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது! எந்தத் தாது, எந்தப் பொருள் என்று மட்டும் பார்த்து வரிசை போட்டவர்கள் ஒத்துப்போகாததில் வியப்பென்ன?

பாலைநிலம்

தோஹாவிலிருந்து எழுதுகிறேன். குளிர்காலத்தில் காரை விட்டு இறங்கிக் கதவைத் தொட்டால் சுளீர் என்கிறது. அது எங்களுக்குப் பழகிவிட்டது. மணற்புயல் நாளில் வேலியைத் தொட்டாலும் அதேபோல் இருக்கிறது. மணலோடு மணல் மோதினால் இரண்டும் ஒரே பொருள்தானே? அங்கே எப்படி மின்னூட்டம்?

மின்தூசி

பொதுவாகச் சிறு துகள் எதிராகவும் பெரிய துகள் நேராகவும் மின்னேறுகின்றன. சிறியவை காற்றில் உயரமாகப் போகும், பெரியவை தரையோடு குதித்துக் குதித்து நகரும். ஆக மேலே எதிர், கீழே நேர் என்று பிரிந்து மின்புலம் உருவாகிறது. எரிமலைச் சாம்பலுக்குள் மின்னல் வெட்டுவதிலும் துகள் மோதலுக்குப் பங்கு உண்டு. காரில் இறங்கும்போது இருக்கையை விட்டு எழும் முன்பே கதவுச் சட்டத்தின் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், அடிக்காது.

பேரலை

எண்ணெய்க் கப்பல்களில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீரே மின்னூட்டத்தை உண்டாக்கி மூன்று கப்பல்களை வெடிக்க வைத்ததை இந்தத் தலைமுறை அறியவேண்டும்.

1969 டிசம்பர். மார்ப்பெஸ்ஸா, மாக்ட்ரா, காங் ஹாக்கோன் VII. மூன்றும் இரண்டு லட்சம் டன் அளவிலான புத்தம்புதிய மாபெரும் கப்பல்கள். மூன்றும் கச்சா எண்ணெயை இறக்கிவிட்டு வெறுங்கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வழியில் தொட்டிகளை உயர் அழுத்த நீர்ப்பீரங்கியால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்குள் மூன்றும் அடுத்தடுத்து வெடித்தன. மார்ப்பெஸ்ஸா செனகலுக்கு அப்பால் மூழ்கியே போனது. அதுவரை மூழ்கியவற்றிலேயே மிகப் பெரிய கப்பல் அதுதான்.

தீக்குச்சி கிழித்தவர் இல்லை, வெல்டிங் இல்லை. பிறகு எது பற்றவைத்தது? நீர்த்தாரை எஃகுச் சுவரில் மோதிச் சிதறும்போது உண்டாகும் நுண்திவலைப் பனி மின்னேறியிருந்தது என்று ஆய்வில் தெரிந்தது. சிறிய தொட்டியில் அந்த மின்னூட்டம் பெரிதில்லை. இந்தக் கப்பல்களின் நடுத்தொட்டி ஒரு பெரிய மண்டபத்தின் அளவு. அவ்வளவு மின்பனிக்கு நடுவே தாரையிலிருந்து பிரிந்து விழும் ஒரு பெரிய நீர்க்கட்டி கடத்தியாக வேலை செய்யும். அது மின்னூட்டத்தோடு எஃகை நெருங்கும்போது ஒரு பொறி. அந்தத் தொட்டியில் எண்ணெய் ஆவியும் காற்றும் எரியக்கூடிய அளவில் கலந்திருந்தால் அது போதும்.

அதன் பிறகுதான் தொட்டிக்குள் மந்தவாயு நிரப்பும் முறை உலகெங்கும் கட்டாயமானது. கொதிகலன் புகையைக் கழுவிக் குளிர்வித்து உள்ளே செலுத்தி ஆக்சிஜனை 8 விழுக்காட்டுக்குக் கீழே வைப்போம். பொறி பறந்தாலும் எரிய ஆக்சிஜன் இருக்காது. பெட்ரோல் போன்ற சுத்திகரித்த சரக்கு ஏற்றும்போது தொடக்கத்தில் குழாயில் வேகம் வினாடிக்கு 1 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஓடும் எண்ணெயே குழாய்ச் சுவரோடு உரசி மின்னேறும். ஏற்றி முடித்ததும் உடனே அளவுகோலை உள்ளே இறக்கவும் விடமாட்டோம், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அளவெடுக்கும் கயிறு நைலானாக இருக்கக்கூடாது, மணிலாக் கயிறுதான். புதிதாக வரும் பையன்கள் காரணம் தெரியாமல் இவற்றை வெறும் சடங்காகச் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் மார்ப்பெஸ்ஸாவின் கதையை உட்காரவைத்துச் சொல்வேன்.

திருத்தங்கல்காரன்

பேரலை ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சிவகாசிப் பக்கம். வீட்டில் மூன்று பேர் பட்டாசுத் தொழிலில் இருக்கிறார்கள்.

விபத்து நடந்தால் மறுநாள் செய்தியில் "உராய்வே காரணம்" என்று ஒரு வரி வரும், கதை முடிந்துவிடும். பட்டாசு மருந்து கெட்டியாகிப்போய் அதை இடிக்கும்போது பற்றினால் அது ஒரு காரணம். மெல்லிய அலுமினியப் பொடியைச் சலிக்கும்போது நிலைமின் பொறியில் பற்றினால் அது வேறு காரணம். தடுக்கும் வழியும் வேறு வேறு. இரண்டையும் ஒரே வரியில் அடக்கிவிட்டால் அடுத்த விபத்தை எப்படித் தடுப்பது?

மழை குறைந்த வறண்ட ஊர் என்பதால்தான் இந்தத் தொழில் இங்கே வேர்விட்டது. அதே வறட்சி நிலைமின்னூட்டத்துக்கும் தோது. மருந்து அறை வாசலில் செப்புத் தகடு பதித்திருப்பார்கள், கையை வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். பருத்தி உடைதான் உடுத்தவேண்டும். ஆனால் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தகட்டுக்குப் போகும் எர்த் கம்பி துண்டாகிக் கிடந்தது, பெண்கள் நைலான் சேலையில் வந்தார்கள், மருந்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளினார்கள். கேட்டால் "இத்தனை வருஷமாக என்ன ஆகிவிட்டது?" என்ற பதில். என் கேள்வி இதுதான். தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனால் ஆபத்து முடிந்துவிட்டதா?

மின்தூசி

முடியவில்லை. இதைத் தயவுசெய்து உங்கள் வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

தகடு அந்தக் கணத்தில் உடலில் இருக்கும் மின்னூட்டத்தை மட்டும் இறக்குகிறது. ரப்பர் செருப்போடு நாலடி நடந்தால் மறுபடி ஏறிக்கொள்ளும். உலர்ந்த நாளில் மனித உடல் 10,000 வோல்ட் வரை எளிதில் ஏறும். நம் உடலில் அப்போது சேரும் ஆற்றல் சுமார் 5 மில்லி ஜூல். பெட்ரோல் ஆவி பற்ற 0.2 மில்லி ஜூலை ஒட்டிய ஆற்றலே போதும். பொறியின் சுரீர் என்ற அடியை நாம் உணரவே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். அதாவது உங்களுக்கு எதுவும் உறைக்காதபோதும் பற்றவைக்கும் பொறி பறந்திருக்கலாம். ஆகவே தரையில் கரி கலந்த, கடத்தும் ரப்பர் விரிப்பு வேண்டும். அதன் மேல் வெறுங்காலோடு அல்லது கடத்தும் செருப்போடு நிற்கவேண்டும். அப்போதுதான் ஏற ஏற இறங்கிக்கொண்டே இருக்கும்.

பிளாஸ்டிக் டப்பாதான் இன்னும் மோசம். எர்த் கம்பி கடத்தியைத்தான் காப்பாற்றும். பிளாஸ்டிக்கோடு ஆயிரம் கம்பி கட்டினாலும் கம்பி தொடும் புள்ளியைத் தவிர மற்ற இடத்து மின்னூட்டம் அசையாது. ஏனென்றால் அது மின்காப்பான், தொடக்கத்தில் அந்த மாணவி சொன்ன அதே நியாயம். அதற்கு வழி ஒன்றுதான், அந்தப் பொருளையே உள்ளே விடாதிருப்பது. நைலான் சேலைக்கும் நைலான் சல்லடைக்கும் இதேதான்.

ரிங்ஃபிரேம்

திருத்தங்கல் தம்பி, பருத்தி உடையையும் முழுக்க நம்பிவிடாதீர்கள். அதில் ஈரம் இருக்கும்வரைதான் அது காக்கும். சித்திரை வெயிலில் எலும்பாய்க் காய்ந்த பருத்தியும் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும், ஆலையில் பார்த்திருக்கிறேன். அறையில் ஓர் ஈரப்பதமானி மாட்டச் சொல்லுங்கள், விலை சொற்பம். முள் இறங்கிய நாளில் பொடி வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

பாலைநிலம்

பெட்ரோல் பங்கில் கேனில் பிடிப்பவர்களுக்கும் இதே விதிதானா?

பேரலை

ஆமாம். கேனை வண்டியின் மேல் வைத்தபடி பிடிக்காதீர்கள். தரையில் இறக்கி வைத்து, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டுக்கொண்டிருக்க, மெதுவாகப் பிடியுங்கள். பெட்ரோலுக்கென்று அனுமதித்த கேன்தான் வேண்டும், தண்ணீர் பாட்டில் வேண்டவே வேண்டாம்.

கடலோர ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. திருத்தங்கல்காரர் எழுதியதை வகுப்பில் வாசிக்க அவருடைய அனுமதி வேண்டும். இன்னொரு சந்தேகம். மின்னணுச் சாதனம் பழுதுபார்க்கும் கடையில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்பதை ஒரு மாணவன் பார்த்திருக்கிறான். அதன் கம்பியில் 1 மெகா ஓம் மின்தடை இருக்கிறதாம். மின்னூட்டத்தை இறக்கத்தானே பட்டை, நடுவே எதற்குத் தடை என்கிறான்.

திருத்தங்கல்காரன்

தாராளமாக வாசியுங்கள், டீச்சர்.

சாலிடர்

இது என் வேலை, நான் சொல்கிறேன். சில சில்லுகள் 100 வோல்ட்டுக்குக் கீழேயே செத்துவிடும், நமக்கோ அது உறைக்கவே உறைக்காது. அதனால்தான் பட்டை. உடலில் சேரும் மின்னூட்டம் மிகச் சிறியது, 1 மெகா ஓம் வழியாகவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இறங்கிவிடும். தடை இருப்பது நமக்காக. வேலை செய்யும்போது தவறி 230 வோல்ட் பட்டுவிட்டால், தடையில்லாத கம்பி வழியாக எர்த்துக்குப் பாயும் மின்னோட்டம் ஆளைக் கொன்றுவிடும். நடுவில் 1 மெகா ஓம் இருந்தால் கால் மில்லி ஆம்பியருக்கு மேல் அந்த வழியில் போகாது. பட்டைக்குப் பதிலாக வெறும் செப்புக் கம்பியை மணிக்கட்டில் சுற்றி எர்த்தில் மாட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. உங்கள் மாணவனிடம் அதை ஒருநாளும் செய்யாதே என்று சொல்லுங்கள்.